எரத்ன பக்கத்தால் ஏறி நல்லதண்ணிக்கு இறங்கலாமா?

கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி. வயது 38, நாள் முழுக்கக் கதிரையில் இருக்கும் கணக்கு வேலை. ஒபிஸ் நண்பர்கள் ஒன்பது பேர் ஒரு ஹைக்கிங் குழுவோடு பெப்ரவரி கடைசி வாரம் குருவிட்ட–எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலை ஏறி, மறுபக்கம் நல்லதண்ணிக்கு இறங்கப் போகிறார்களாம். வெள்ளி இரவு கொழும்பிலிருந்து புறப்பாடு, சனி முழுக்க ஏற்றம், ஞாயிறு விடிய உச்சியில் சூரியோதயம், மாலை வீடு. ‘கடினம்’ என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறதாம். வியாழக்கிழமைக்குள் முற்பணம் கட்ட வேண்டும். பிரஷர் எல்லைக்கோட்டில் நிற்கிறது, அம்மா வேண்டாம் என்கிறார், கையில் இன்னும் பத்து வாரம். போகலாமா, போனால் எப்படித் தயாராவது என்று கேட்கிறார்.

போகலாம் தம்பி. ஆனால் கேள்வியில் ஒரு விஷயம் இல்லாததைக் கவனித்தேன். ஏறுவதைப் பற்றி ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள், இறங்குவதைக் கால் தாங்குமா என்று ஒரு வரியும் இல்லை. முதல் தடவை போகிற எல்லாரும் இப்படித்தான். மூச்சு வாங்குமா, நெஞ்சு தாங்குமா என்றுதான் பயம். மூச்சு வாங்கினால் ஒரு கல்லில் குந்தி ஐந்து நிமிடம் இருந்தால் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் போனால், எத்தனை மணித்தியாலம் குந்தி இருந்தாலும் அது திரும்பி வராது. நான் இந்த மலையில் ஏற முடியாமல் அழுதவர்களைக் கண்டதில்லை. நல்லதண்ணிப் பக்கப் படிகளில் காலை பத்து மணி வெயிலில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக் கண்ணைத் துடைத்தவர்கள் நிறையப் பேர். அதில் ஒரு வருடம் நானும் ஒருவன்.

உங்கள் குழு போட்ட திட்டம் புதிதில்லை, சொல்லப்போனால் மிகப் பழையது. 1344இல் மொரோக்கோப் பயணி இபின் பதூதா இந்த மலைக்கு வந்தார். அவரை அனுப்பி வைத்தவர் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி. பல்லக்கு, ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கப் போகும் நாலு யோகிகள், மூன்று பிராமணர், அரசரின் ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்கப் பதினைந்து பேர். ஒழுங்கமைத்த ஹைக் என்றால் அதுதான். மலைக்கு இரண்டு பாதை இருந்ததாக அவர் எழுதுகிறார். ஒன்று ஆதாமின் பெயரால் பாபா பாதை, மற்றது ஏவாளின் பெயரால் மாமா பாதை. கடினமான பாபா பாதையால் ஏறி, எளிதான மாமா பாதையால் இறங்குவதுதான் முறையாம். எளிதான பக்கத்தால் ஏறியவரை யாத்திரை போனவராகவே கணக்கெடுப்பதில்லையாம்! ஆகவே கடினமான எரத்ன பக்கத்தால் ஏறி, படிகட்டிய நல்லதண்ணிப் பக்கத்தால் இறங்குவது நல்ல யோசனைதான். எரத்ன இரத்தினபுரி மாவட்டத்தில் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது, அதனால் ஏற்றம் கூட, காடும் ஈரமும் கூட, கடைகள் குறைவு. நல்லதண்ணிப் பக்கத்தில் சீசன் காலத்தில் வழி நெடுக விளக்கும் தேத்தண்ணிக் கடையும் உண்டு. களைத்த காலோடு இருட்டில் எரத்ன பக்கம் இறங்குவதை விட இது எவ்வளவோ மேல்.

ஆனால் படி என்றதும் ஏமாந்துவிடக் கூடாது. ஐயாயிரத்துக்கு மேல் படிகள். மலையின் உயரம் 2,243 மீற்றர், நல்லதண்ணியிலிருந்து அந்தப் பக்கத்து ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர். வெள்ளவத்தைக் கணக்கில் சொல்கிறேன். ஒரு மாடி மூன்று மீற்றர் என்று வைத்தால், எட்டு மாடிக் கட்டடத்தை 42 தடவை இறங்க வேண்டும். படிகளும் ஒரே அளவில் இல்லை. சில இடத்தில் அரைச் சாண், சில இடத்தில் முழங்கால் மட்டம்.

இறக்கத்தில் நடப்பது இதுதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உங்கள் உடம்புப் பாரத்தை மெல்ல விடுவதற்காக அதே தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. அந்த வேலைக்குப் பழகாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். அன்றைக்குத் தெரியாது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் வலி உச்சத்துக்குப் போகும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரே ஒரு தடவை நல்ல இறக்கம் இறங்கி வலித்து ஆறிய தசை, சில வாரங்களுக்கு அடுத்த இறக்கத்தை நன்றாகத் தாங்கும். உடம்புக்கு அந்த நினைவு இருக்கிறது. பத்து வாரப் பயிற்சியில் எனக்குத் தெரிந்த முக்கியமான சங்கதி இதுதான்.

கொழும்பு தட்டையான ஊர். காலிமுகத்திடலிலும் மரைன் டிரைவிலும் எவ்வளவு நடந்தாலும் மூச்சுக்கு நல்லது, தொடைக்கு ஒன்றும் ஆகாது. நடங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, வாரத்தில் மூன்று நாள் ஒரு மணித்தியாலம் வேகமாக. ஆனால் மலைக்கான பயிற்சி உங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டில்தான் இருக்கிறது. இங்கே எல்லாரும் செய்யும் ஒரு பிழை: படியால் ஏறிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்குவது. அது பாதிப் பயிற்சி, அதுவும் தேவையில்லாத பாதி. நேரம் இல்லாத நாளில் லிஃப்டில் ஏறிப் படியால் இறங்குங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

முதல் இரண்டு வாரம் ஐந்தாறு தடவை ஏறி இறங்கினால் போதும். பிறகு ஒவ்வொரு வாரமும் இன்னும் இரண்டு மூன்று தடவை கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து முதுகில் பை. ஒன்றரை லீற்றர் தண்ணிப் போத்தல் மூன்றைப் போட்டால் நாலரைக் கிலோ. உண்மையில் நீங்கள் தூக்கப்போகும் பாரமும் அதற்குக் கொஞ்சம் கூடத்தான். இறங்கும்போது பாதத்தை ‘டப்’ என்று விடாதீர்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபடி, சத்தம் கேட்காமல் வையுங்கள். எங்கள் கட்டடத்தில் கீழ்மாடி அன்ரி ஒருவர் பயிற்சி நாட்களில் கதவைத் திறந்து, “இண்டைக்குச் சத்தமே கேக்கேல்லை, ஏறவில்லையோ?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் சரியாக இறங்கப் பழகியிருந்தேன்.

அப்புறம் ஜனவரி கடைசியில், இந்தக் குழுவெல்லாம் இல்லாமல், நல்லதண்ணிப் பக்கத்தால் ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். போயாவும் வாரக்கடைசியும் வேண்டாம். அந்த நாட்களில் உச்சிக்குக் கீழே நெரிசலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும். வார நாளில் கோட்டையிலிருந்து ஹட்டனுக்குப் புகையிரதம் ஓடினால் அது, இல்லாவிட்டால் பஸ், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை சீசன் என்பதால் பாதையில் ஆளும் விளக்கும் இருக்கும். இந்த ஒத்திகையில் எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். ஸ்கொட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். ஆறு கிலோமீற்றர், ஆயிரம் மீற்றர் என்று வைத்தால் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அது ஓய்வெடுக்காமல் நடக்கும் ஆளுக்கு. நாங்கள் தேத்தண்ணி குடித்து, போட்டோ எடுத்துப் போகிறவர்கள். நாலு, நாலரை என்றால் நீங்கள் நன்றாகவே இருக்கிறீர்கள். ஆறுக்கு மேல் போனால், அல்லது இறங்கும்போது முழங்காலில் தசைவலி இல்லாத ஒரு கூர்மையான குத்து வந்தால், எரத்ன பக்கம் இந்த வருடம் வேண்டாம். முற்பணம் போனால் போகட்டும்.

பிரஷர் விஷயத்தில் நான் வைத்தியம் சொல்ல மாட்டேன். பயிற்சி தொடங்கும் முன்னர், படிக்கட்டில் கடுமையாக ஏறப்போகிறேன் என்று உங்கள் டொக்டரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலை சுற்றல் வந்தால் அங்கேயே நிற்பது. மேலே ஒட்சிசன் குறைவாமே என்று கேட்டிருந்தீர்கள். 2,243 மீற்றர், மலைநோய் வழக்கமாகத் தொடங்கும் உயரத்துக்குக் கீழேதான். பெரும்பாலும் ஏற்றத்தால்தான் மூச்சு வாங்கும், காற்றின் குறையால் கொஞ்சம்தான்.

இனி குழுவைப் பற்றி. கொழும்பில் வட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் செய்யத் தெரிந்தவர் எல்லாரும் இப்போது ஹைக் ஒழுங்கமைக்கிறார்கள். அதில் மிக நல்லவர்களும் உண்டு. பேச்சிலிருந்தே பிரித்தறியலாம், அதற்கு ஒரு கேள்வி போதும்: “கடைசியாக நடக்கும் ஆள் யார்?” முன்னால் போகிற வழிகாட்டியைப் பற்றி எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். பின்னால் யார், அவர் கையில் என்ன இருக்கும், அவருக்கும் முன்னால் போகிறவருக்கும் எப்படித் தொடர்பு என்று கேட்டதும் போன் அந்தப் பக்கம் கொஞ்சம் அமைதியானால், பணத்தைக் கட்ட வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், சில வருடத்துக்கு முன் நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் ஒரு குழுவோடு போனேன், பெயர் வேண்டாம். 38 பேர், ஒரு வழிகாட்டி, அவர் முன்னால். மதியம் தாண்டிச் சிகரத்திலிருந்து இறங்கத் தொடங்கியபோது எங்களோடு வந்த ஒரு பெண்ணின் முழங்கால் வீங்கிவிட்டது. நானும் அவருடைய தோழியும் அவரோடு பின்தங்கினோம். ஆளுயர மானாப்புல்லுக்குள் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் முன்னால் போனவர்களின் சத்தம் கேட்கவில்லை. இடது பக்கம் புல் மிதிபட்டிருந்ததைப் பார்த்து அதில் இறங்கினோம். அது மாடு போன வழி. முக்கால் மணித்தியாலம் போய், ஒரு ஓடையில் முடிந்து, திரும்பி ஏறினோம். இருட்டியபோது மூவரிடமும் இருந்தது போன் வெளிச்சம்தான், என் போனில் 14 வீதம். கடைசியில் கீழே லயத்திலிருந்து மாட்டைத் தேடி வந்த ஒரு தோட்டத்து ஐயா, நாங்கள் கூப்பிட்ட சத்தம் கேட்டு டோர்ச் அடித்தார். “இந்த நேரத்துல இங்க என்ன தேடுறீங்க?” என்றார். எங்களுக்கும் தெரியவில்லை! எட்டரை மணிக்கு பஸ்ஸடிக்கு வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் பாட்டுப் போயிற்று. மூன்று பேர் குறைவு என்பதை அதுவரை யாரும் எண்ணியே பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் எந்தக் குழுவோடு போனாலும் மூன்று விஷயத்தைக் கேட்பேன். முதலாவது, சொன்னேனே, கடைசி ஆள். இரண்டாவது, திரும்பும் நேரம். “பின்னேரம் இத்தனை மணிக்குள் இந்த இடத்துக்கு வராவிட்டால் யாராக இருந்தாலும் திரும்ப வேண்டும்” என்று முன்கூட்டியே சொல்லும் குழு நல்ல குழு. “எல்லாரையும் எப்படியாவது உச்சிக்குக் கொண்டுபோவோம்” என்பது கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லில்தான் ஆபத்து. உங்கள் பயணத்தில் எரத்ன பாதையும் பலாபத்தலப் பாதையும் சேரும் ஹெரமிட்டிபானவுக்கு எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொன்னதும் பதில் வருகிறதா, அல்லது “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே” வருகிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, சாரதி. இதை யாரும் கேட்பதில்லை. மலையில் விழுந்து சாவோமோ என்று பயப்படுகிறோம். வெள்ளி இரவு முழுக்க ஓட்டிய ஒருவர், ஞாயிறு பின்னேரம் கினிகத்தேன, கித்துல்கல வளைவுகளில் இருபது பேரை நித்திரைத் தூக்கத்தோடு கொண்டுவருவதைப் பற்றி யோசிப்பதில்லை. உங்கள் திட்டத்தில் சனிக்கிழமை வேன் எரத்னவிலிருந்து சுற்றி நல்லதண்ணிக்கு வர வேண்டும். அதன் பிறகு சாரதி படுக்கிறாரா, அல்லது நடுவில் இன்னொரு ஹயருக்குப் போகிறாரா? வேன் நல்லதண்ணியில் இருக்குமென்றால், உலர்ந்த உடுப்பையும் செருப்பையும் அதிலேயே வைக்கலாம். பைப் பாரமும் குறையும்.

அனுமதி பற்றியும் ஒரு சொல். சீசன் காலத்தில் யாத்திரைப் பாதை எல்லாருக்கும் திறந்தது. ஆனால் அதைச் சுற்றியுள்ள காடு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வரும் சரணாலயம். ‘பாதையை விட்டு ஒரு அருவியும் பார்க்கலாம்’ என்று போஸ்டரில் இருந்தால் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். நக்கிள்ஸ் என்றால் அது வனப் பாதுகாப்புத் திணைக்களம். 2010இல் இந்த இரண்டையும் ஹோர்ட்டன் சமவெளியையும் சேர்த்துத்தான் மத்திய மலைநாடு என்று உலக மரபுரிமையாக்கினார்கள்.

பொருட்கள் பற்றி நீளமாகச் சொல்ல விருப்பமில்லை, ஏனென்றால் கடைக்காரர்கள் அதை நன்றாகவே சொல்வார்கள். இரண்டில் மட்டும் நிற்கிறேன். சப்பாத்து புதிதாக இருக்கக் கூடாது. பயிற்சியை அதே சப்பாத்தோடு செய்யுங்கள். வாங்கும்போது பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கிய நேரத்தில், தடித்த மேசோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் வேண்டும். இறக்கத்தில் பாதம் முழுக்க முன்னால் சறுக்கும், நகம் சப்பாத்தின் மூக்கில் ஆயிரக்கணக்கான தடவை இடிக்கும். போவதற்கு இரண்டு நாள் முன்னால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நான் ஒரு வருடம் வெட்ட மறந்தேன். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, மூன்று மாதம் கழித்துக் கழன்று விழுந்தன. இதையெல்லாம் யோசித்து நீங்கள் படியில் நிற்கும்போது, இறப்பர்ச் செருப்போடும் வெறுங்காலோடும் தோட்டத்து அம்மாமார் கைப்பிள்ளையோடு உங்களைத் தாண்டிப் போவார்கள். அவர்களைப் பார்த்துச் சப்பாத்தைக் கழற்றிவிடாதீர்கள். அவர்களுடைய கால் தினமும் மலைச்சரிவில் வேலை செய்கிற கால்.

மற்றது குளிர். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை கணக்கில், உச்சியில் கொழும்பை விட 14, 15 பாகை குறைவு. கொழும்பில் இரவு 24 என்றால் அங்கே 10க்குப் பக்கம், காற்றும் வீசும். எரத்ன காட்டில் வியர்த்து நனைந்த பருத்தி ரீசேட்டோடு ஹெரமிட்டிபானவில் குந்தினால் பல் தாளம் போடும். சீக்கிரம் காயும் உடுப்பைப் போட்டு ஏறுங்கள். ஒரு முழு உலர்ந்த உடுப்பை, காதை மூடும் தொப்பியோடு, இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பைக்குள் வைத்து, நின்றவுடனே மாற்றுங்கள். தலையில் கட்டும் டோர்ச்சுக்கு மாற்று பெட்டரி. போன் வெளிச்சம் டோர்ச் ஆகாது, மேலே என் கதையைப் பார்க்க.

அட்டையைப் பற்றி உங்கள் நண்பி ஒருவர் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இபின் பதூதாவும் எழுதியிருக்கிறார். அட்டை கடித்தால் எலுமிச்சம்பழம் பிழிவார்களாம், அதற்காகவே பழத்தைக் கையில் வைத்திருப்பார்களாம். இப்போதும் அதே வழிதான், பழத்தோடு உப்பும் சித்தாலேப்பத் தைலமும் சேர்ந்திருக்கின்றன. மேசுக்கு மேல் பூசிவிட்டால் குறையும். கடித்தால் விரல் நகத்தால் வாயோரம் தள்ளிவிட்டால் போதும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட ஒன்றுமில்லை. அதை விடக் கவலைப்பட வேண்டியது குளவி. மலைநாட்டுச் செய்தியில் குளவிக் கொட்டு வராத மாதம் குறைவு. வாசனைத் திரவியம் வேண்டாம், காட்டுக்குள் கூச்சலும் வேண்டாம், கூட்டைக் கண்டால் கல்லெறியும் ஆளை முதலில் பிடித்து வையுங்கள். அவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

சாப்பாட்டுக்குச் சோற்றுப் பார்சலை நம்பாதீர்கள். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவது போன்ற தண்டனை வேறில்லை. ரொட்டி, வாழைப்பழம், கச்சான், பேரீச்சம்பழம், கொஞ்சம் கொஞ்சமாக, பசிக்கும் முன்னரே. தண்ணி இரண்டு லீற்றரோடு தொடங்குங்கள். வெறும் தண்ணியை மட்டும் குடித்துக்கொண்டே போனால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தண்ணியில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். ஓடைத் தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். இரத்தினபுரிப் பக்கம் எலிக்காய்ச்சல் உள்ள பகுதி. காலில் புண் இருந்தால் மூடிக் கட்டிக்கொண்டு ஓடையைக் கடவுங்கள். வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ‘மலைக்குப் போனேன்’ என்று டொக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

காலநிலை. பெப்ரவரி இந்தப் பக்கத்துக்கு ஓரளவு உலர்ந்த காலம்தான், ஆனால் இந்த மலை சொன்ன சொல் கேட்பதில்லை. மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி ஒரு டிசி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். நல்லதண்ணிக்குப் போகும் வழியில் யாராவது அந்த மலைத்தொடரைக் கை நீட்டிக் காட்டுவார்கள். முந்தின நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் நீங்களே பாருங்கள், குழுவை நம்பி இருக்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த பிறகு மலைநாட்டில் எத்தனையோ சரிவுகள். யாரோ மூன்று வருடத்துக்கு முன் பதிந்துவைத்த வழித்தடத்தைப் போனில் போட்டுக்கொண்டு குறுக்கு வழி தேடுவது இப்போது முன்னரை விட மடத்தனம். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ். சிக்னல் எல்லா இடத்திலும் இருக்காது. அதனால் பிளான் என்ன, எத்தனை மணிக்கு நல்லதண்ணியில் இறங்குவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

வீடு என்றதும் அம்மா. “நேர்த்தி வைத்துப் போகிற மலைக்கு ஹைக் போறதா?” என்று கேட்கிறாராம். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்களுக்குச் சிவனின் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாமின் கதை. அந்தப் பாதையில் எதிரே வருகிறவர்கள் ‘கருணாவாய்’ என்று வாழ்த்துவார்கள், நீங்களும் சொல்லுங்கள். புளூடூத் ஸ்பீக்கரும் போத்தலும் கொண்டுவரும் குழு என்றால் அந்தக் காரணத்துக்காகவே நான் போக மாட்டேன். ஒத்திகைப் பயணத்துக்கு அம்மாவையும் கூட்டிப் போங்கள். நல்லதண்ணியிலிருந்து சமாதான பகோடா வரைக்கும் பாதை அவ்வளவு கடினமில்லை. அங்கே அவர் இருந்து மலையைப் பார்க்கட்டும், நீங்கள் ஏறி இறங்கி வாருங்கள். மேலே எத்தனையாவது தடவை வந்தீர்களோ அத்தனை தரம் மணியடிக்க வேண்டும். முதல் தடவை என்றால் ஒன்று. அம்மாவுக்குக் கேட்காது, ஆனால் அடித்தேன் என்று சொல்லலாம்.

பெப்ரவரியில் போகும்போது இரண்டாவது மணி. சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கே போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் திரும்பி மேற்குப் பக்கம் வாருங்கள். மலையின் நிழல் கூம்பு மாதிரி, கோடு போட்டு வெட்டினது போல முகிலுக்கு மேல் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் சுருங்கிவிடும். அதைப் பார்த்த பிறகு உடனே இறங்கத் தொடங்காமல் அரை மணித்தியாலம் இருந்து, ஏதாவது சாப்பிட்டு, சப்பாத்துக் கயிற்றைக் கணுக்காலடியில் இறுக்கிக் கட்டுங்கள். கைத்தடி இருந்தால் இப்போதுதான் அதற்கு வேலை. உங்கள் ஒன்பது பேரில் மெதுவாக இறங்குபவர் முன்னால் போகட்டும், வேகமானவர் பின்னால். ஆண்கள் இதைக் கேட்க மாட்டார்கள், ஓடி இறங்கிக் காட்டுவார்கள். கீழ்ப் படிகளில் அவர்களைத் திரும்பச் சந்திப்பீர்கள்.

திங்கட்கிழமைக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒபிஸ் நாலாம் மாடி, லிஃப்ட் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். லிஃப்ட் சரி. காலி வீதியில் பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து இறங்குவதற்கு யாரைப் பிடிப்பீர்கள்?